சான்றுப்பொருள் அறை

சாவி என்னிடம்.
கிளிநொச்சி நீதிமன்றத்தின் பின்புறம்,
தகரக் கூரை, ஒரு மின்விசிறி.
அதுவும் சான்றுப்பொருள்தான்,
களவுபோன மின்விசிறி, உரியவர் வரவில்லை.
சுழல்கிறது.

கடலால் வந்த மூட்டைகள் இடப்பக்கம்:
நாலு சுற்றுப் பொலித்தீன், மேலே சாக்கு,
உப்புப் பூத்த முடிச்சுகள்.
தரையில் வளர்ந்தவை வலப்பக்கம்.
அங்கே அதிகமில்லை.
ஒரு பெயின்ற் வாளி, அதில் இரண்டு செடி.
'வேருடன், ஈரமாக, எழுநூற்றுப் பத்துக் கிராம்.'
எழுதியது நான்.
நவரட்ணம் யோகமலர், வயது நாற்பத்தாறு,
தருமபுரம்.

கூண்டில் நின்று சொன்னாள்:
இடுப்புக்குக் கீழ அவருக்கு ஒண்டும் தெரியாது ஐயா,
ஊசியால குத்தினாலும் தெரியாது.
ஆனா நோகுது.
தெரியாத காலுக்குள்ள நெருப்பு எரியுதெண்டு
ராராவாக் கத்துறார்.
பரிகாரியாற்ற லேகியத்துக்குக் கொஞ்சம் கேட்டுது.
பிறகு அவருக்கும் மேல இருந்து சரக்கு வரேல்லை.

நீதவான் பேனாவை மூடினார். திறந்தார்.
நோவுக்கென்று சட்டத்தில் ஒரு பிரிவு
இருக்குமா என்று பார்த்ததுபோல இருந்தது.
தண்டப்பணம். ஒத்திவைத்த சிறை.
தோட்டை விற்றுக் கட்டினாள்,
காது மூளியாய்க் கையெழுத்திட்டாள்.

அதன் பிறகுதான் சுற்றுநிருபங்கள் வரத் தொடங்கின.

எரிக்கவும் என்றது முதலாவது.
மண்ணெண்ணெய்க்கு மூன்று கேள்விப்பத்திரம் எடுத்து
எரித்தோம். காற்று மாறிப்
புகை பொலிஸ் விடுதிப் பக்கம் போனது.
மூக்கைப் பொத்தியபடி நீதவான் சாட்சி நின்றார்.
பாதி எரிகையில் இரண்டாவது வந்தது:
எரிக்க வேண்டாம், நிறுத்துக் கொழும்புக்கு அனுப்பு,
மருந்துக்குத் தேவை.
மூன்றாவது இரண்டாவதை இடைநிறுத்தியது.
நான்காவதில் 'மூலிகை' என்றொரு சொல்,
பதினொரு வருடமாய் நான்
'போதைப்பொருள்' என்று எழுதிவந்த இடத்தில்.
பேரேட்டில் வெட்டி எழுதவா, மேலே ஒட்டவா
என்று கேட்டுக் கடிதம் போட்டேன்.
பதில் இல்லை.

ஐந்தாவது ஒரு வரைபடத்தோடு வந்தது.
மாங்குளத்துக்கு அப்பால் காடு வெட்டிய நிலம்,
மின்வேலி, கமரா, வெளிநாட்டுப் பணம்.
ஓர் இலையும் வேலி தாண்டக்கூடாது,
விமானத்துக்குப் போவதைத் தவிர.
யோகமலரின் செடியைப் பிடுங்கிய சார்ஜன்ற்
அங்கே காவலுக்கு மாற்றலானார்.
விடைபெற வந்தவர், படித்த தமிழில் சொன்னார்:
'இங்க பிடுங்காட்டி என்னைப் பிடிப்பினம்.
அங்க பிடுங்கினா நான் பிடிக்க வேணும்.'
சிரித்தோம், இருவரும், கொஞ்சம் அதிகமாய்.

கணக்காய்வுக்கு வந்தார்கள்.
எழுநூற்றுப் பத்து, இப்போது தொண்ணூற்று நாலு.
மிச்சம் எங்கே?
காய்ந்தது என்றேன்.
யார் முன்னிலையில் காய்ந்தது?
சித்திரை வெயில், யன்னல், எலி.
ஒருவரும் ஒப்பமிடவில்லை.

ஒரு புதன்கிழமை அவள் வந்தாள்.
சொல்ல எல்லாம் வைத்திருந்தேன்:
அனுமதிக்கு விண்ணப்பம் இருக்கிறது,
பன்னிரண்டு பக்கம், ஆங்கிலத்தில்,
வைப்புப்பணம் டொலரில்.
அவள் அதைக் கேட்கவில்லை.

'அந்த வாளியத் தருவீங்களோ?'

செடிக்கு ஐந்து சுற்றுநிருபம்.
வாளிக்கு ஒன்றுமில்லை.
பேரேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
பிறகு கையெழுத்து வாங்கினேன்.
அவருக்கு இப்ப எப்படி என்றேன்.
'இப்ப கத்துறேல்லை' என்றாள்.
நான் மேலே கேட்கவில்லை.

வாளிக்குள் மண் இருந்தது,
காய்ந்து வெடித்து, வேர் இருந்த பள்ளத்தோடு.
மண் பேரேட்டில் இல்லை.
கொட்டிவிட்டுப் போகச் சொல்லியிருக்கலாம்.
கைபிடி ஒருபக்கம் கழன்றிருந்தது;
பிள்ளையைப்போல இடுப்பில் வைத்துக்கொண்டு
முல்லைத்தீவு பஸ் எத்தனை மணிக்கு
என்று கேட்டாள்.