விருப்ப மாறுதல்

திங்கட்கிழமைக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும்.
முதல் கட்டத்தில் மயிலாடுதுறை என்று
எழுதி வைத்திருக்கிறேன்.
பென்சிலால்தான்.

ஐப்பசியின் கடைசிச் சனிக்கிழமை
ஈரோட்டிலிருந்து வந்து இறங்கினோம்,
நான், தவசீலன், எங்கள் நன்மாறன்.
தண்ணீர் எப்படி, பள்ளிக்கூடம் எப்படி
எல்லாம் ஏற்கெனவே விசாரித்தாகிவிட்டது.
ஊர் எப்படி என்று கேட்டால் மட்டும்
"ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா"
என்று சிரிக்கிறார்கள்.
சொலவடையில் வாடகைக்கு இருக்க முடியுமா?

முதல் வீடு மாடி. நல்ல காற்று.
அந்த அம்மா தவசீலனிடம்தான் பேசினார்.
"சாருக்கு எங்க வேலை?"
"வீட்லதான்."
"வீட்லன்னா?"
"சமைப்பேன். பையனைப் பாத்துக்குவேன்.
இவங்கதான் ஸ்டேஷன் மாஸ்டர்."
என் கழுத்தைப் பார்த்தார்.
அவர் கையைப் பார்த்தார்.
பிறகு எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்.
போய்வாருங்கள் என்று சொல்ல
ஒவ்வொரு ஊரிலும் ஒரு சுவிட்ச் இருக்கிறது.

இரண்டாவது வீட்டில்
ஊரைச் சொன்னேன், தெருவைக் கேட்டார்.
தெருவைச் சொன்னேன், தெருவில் எந்தப் பக்கம் என்றார்.
ஈரோட்டில் மட்டும் கேட்கவில்லையா?
கேட்டார்கள்.
அங்கே இவ்வளவு சுற்றி வரமாட்டார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது வீட்டுக்காரர் தன்மையானவர்.
மோர் கொடுத்தார்.
"கேட்டைப் பத்து மணிக்குப் பூட்டிருவோம்மா.
நைட் டூட்டி முடிஞ்சு நீங்க வர்றப்ப
தெருவே வாசல்ல கோலம் போட்டுட்டு நிக்கும்.
எனக்கு ஒண்ணுமில்ல.
பாக்கிறவங்க இருக்காங்கல்ல?"
சென்னையில் இருக்கும் மகன்
எப்போதும் ராத்திரி வண்டியில்தான் வருவானாம்.
அந்த வண்டிக்கு லைன் கொடுப்பது யார் என்று
நான் கேட்கவில்லை.
மோர் நன்றாக இருந்தது.

என்னிடம் வேறொரு அளவுகோல் உண்டு.
தவசீலனுக்குக்கூடத் தெரியாது.
எந்த ஊருக்குப் போனாலும்
நன்மாறனைக் கடைக்கு அனுப்பிவிட்டு
நான்கடி தள்ளி நிற்பேன்.
ஒன்பது வயது. முதல் எழுத்தில்
நாக்கு மாட்டிக்கொள்ளும்.
ஈரோட்டில் அவன் வாக்கியங்களை
மற்றவர்களே முடித்துக் கொடுத்துவிடுவார்கள்.
கொ, கொ, என்று கொய்யாவுக்கு நிற்பான்.
கையில் கொத்தமல்லியோடு வருவான்.

இங்கே முதலில் மருந்துக்கடை.
அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து
"என்னம்மா வேணும்?" என்றார் கடைக்காரர்.

அடுத்தது கச்சேரி ரோட்டில் ஒரு பெட்டிக்கடை.
தூறல். தார்ப்பாயின் ஓரத்தில் சொட்டுகிறது.
அவன் "க, க, க" என்று நிற்க,
பின்னால் சிகரெட்டுக்கு நின்ற ஆள்
காசால் கண்ணாடிப் புட்டியைத் தட்டினான்.
கடைக்காரி நிமிரவில்லை. சில்லறை அடுக்கிக்கொண்டே
"அவன் சொல்லி முடிக்கட்டும்.
ஒனக்கு என்ன, ரயிலா போவுது?"
"கடலை மிட்டாய். ரெண்டு."
"ரெண்டு ரூவா கொறையுதே, தம்பி."
குறைத்துக் கொடுக்கவில்லை. இரக்கப்படவில்லை.
திரும்பி ஓடிவந்து
என்னிடம் இரண்டு ரூபாய் வாங்கிப் போனான்.

துலாக்கட்டத்தில் தண்ணீர் பழுப்பாக, நிறைய.
தவசீலன் மகனுக்குக் கதை சொன்னார்:
ஐப்பசி முழுக்க எல்லோரும் முழுகிப் போனபின்
நடக்க முடியாத ஒருவன்
கார்த்திகை முதல் நாள்தான் வந்து சேர்ந்தானாம்.
அவனுக்காக அந்த ஒரு நாளையும் சேர்த்துக்கொண்டார்கள்.
முடவன் முழுக்கு.
இன்றைக்கும் அன்று கூட்டம் வரும்.

பரவாயில்லை, காத்திருக்கத் தெரிந்த ஊர்,
என்று நான் முடிவெடுக்கப் போகும்போது
நன்மாறன் கேட்டான்,
"அ, அ, அவர் பே... பேர் என்ன?"

தவசீலன் என்னைப் பார்த்தார்.
படியில் துணி பிழிந்துகொண்டிருந்தவரைக் கேட்டோம்.
"முடவன்தான்" என்றார்.

திரும்பும் வண்டி குத்தாலம் தாண்டியபிறகு
நினைவு வந்தது:
கடைக்காரியின் பெயரை
நாங்களும் கேட்கவில்லை.

படிவத்தை மடியில் விரித்து
அதே எழுத்துகளின் மேல்
இன்னொரு முறை பென்சிலை ஓட்டினேன்.
வண்டி ஆடியதில்
'றை' மட்டும் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.