தீர்மானம் எண் ஒன்பது

ஊராட்சி கூடுவது
துறவிகள் சாப்பிட்ட கூடத்தில்.
சுவரின் பாதி உயரத்தில் கல்லால் ஒரு மாடம்:
மற்றவர்கள் உண்ண, ஒருவர் மட்டும்
பசியோடு நின்று வேதம் வாசித்த இடம்.
இப்போது அங்கே பிரிண்டர் இருக்கிறது.
காகிதம் தீர்ந்தால் ஸ்டூல் போட்டு ஏறவேண்டும்.

ஊர்ப்பலகையில் பெயர் இரண்டு.
மேலே ஜெர்மன், கீழே ஸ்லோவேனியம்.
இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: துறவியின் சிற்றறை.
எழுநூற்றுப் பதினோரு பேர்,
இரண்டு பாடகர் குழு,
ஆண்டுக்கு இரண்டு தீயணைப்பு விழா,
தீயணைக்க ஒரே வண்டி.

அந்த நீர்நிலையை வெட்டியதும் துறவிகள்தான்.
இறைச்சி விலக்கிய நாட்களுக்குக் கெண்டை வேண்டியிருந்தது.
பேரரசர் மடத்தை மூடச் சொன்னபோது
மணியை உருக்கினார்கள், நூல்களை வண்டியில் ஏற்றினார்கள்.
மீன்களைப் பற்றி ஆணையில் ஒன்றுமில்லை.

ஜெர்மன் பத்திரத்தில் அது குளம்.
ஸ்லோவேனியப் பத்திரத்தில் ஏரி.
குளமென்றால் மதகு ஊராட்சியின் செலவு,
ஏரியென்றால் மாநிலத்தின் செலவு.
பதினாறு ஆண்டுகளாகக் குளம் என்கிறார் ஓஸ்வின் கிராப்னர்,
செலவு தன் தலையில் விழும் என்று தெரிந்தே.
பதினாறு ஆண்டுகளாக ஏரி என்கிறார் லிபேய்.
எழுத்தர் டில்கா இரண்டையும் எழுதி
நடுவில் ஒரு சாய்கோடு போடுவாள்.
‘எனக்குச் சம்பளமே அந்தக் கோட்டுக்குத்தான்.’

மார்ச்சில், பனி உருகத் தொடங்கிய மூன்றாம் இரவு,
மதகுப் பலகை பிளந்தது.
ஓஸ்வின் பைஜாமாவோடு ஓடிவந்தார்,
லிபேய் டிராக்டரோடு.
இடுப்பளவு சேற்றில் ஒருவர் ஆப்பைப் பிடிக்க
மற்றவர் அடித்தார்.
நாலாவது அடி ஓஸ்வினின் கட்டைவிரலில்.

கைவிளக்கோடு கரையில் நின்ற டில்கா கேட்டாள்:
ஓஸ்வின் ஸ்லோவேனியத்தில் திட்டினார்,
உச்சரிப்பு பிசகாமல், லிபேயின் பாட்டன் வரைக்கும்.
லிபேய் திருப்பித் தந்தது ஜெர்மனில்.
சொந்த மொழியில் திட்டினால் வீட்டில் அடி விழும்;
பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் பின்னால்
ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்த சொற்கள்.

விடிந்தபோது நீர் நின்றிருந்தது.
சாலையெங்கும் கெண்டை.
பேருந்து நிறுத்தத்தில் ஒன்று
வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது,
ஏழரை மணி வண்டியைத் தவறவிட்டதுபோல.
பிள்ளைகள் வாளியில் அள்ளித் திரும்ப விட்டார்கள்.

செத்தவை இருபத்தொன்று.
இரண்டு மொழியிலும் அதை
‘ஒன்றும் இருபதும்’ என்றே சொல்வார்கள்,
சின்னதை முன்னால் விட்டு.
அதில் மட்டும் இதுவரை தகராறு வந்ததில்லை.

வியாழக்கிழமை. தீர்மானம் எண் ஒன்பது:
குளம்/ஏரி, மதகு, கருங்காலிப் பலகை இல்லை ஓக்,
நாலாயிரத்து இருநூறு யூரோ, தரவேண்டியவர்
என்ற இடத்தில்
காகிதம் தீர்ந்துவிட்டது.

லிபேய் ஏறினார்.
ஆடும் ஸ்டூலை
கட்டுப் போடாத கையால்
ஓஸ்வின் பிடித்துக்கொண்டார்,
குளம் குளம் என்று முணுமுணுத்தபடி.