பங்காளி

குப்பைமேட்டின் மூச்சைக் கழுவி
நாற்றம் நீக்கி
பையில் பிடித்து வருவான் ஃபைசுல்.
பை உப்பியிருக்கும். உள்ளே ஒன்றும் தெரியாது.

எண்ணூறு டிகிரியில்
குவார்ட்ஸ் குழாய்க்குள் மீத்தேன் உடையும்;
ஹைட்ரஜன் தன் வழியே போய்விடும்.
நிக்கல் துகள்மேல் மிஞ்சுவது
ஒரு சிட்டிகைக் கரி,
ஒரு கண்ணுக்கு மையெழுதக்கூடக் காணாது.

அதைத் தகட்டில் தடவிக் கம்பி இணைத்தேன்.
மூன்று வாரம் எதற்கும் அசையவில்லை.
மானியம் முடிகிறதென்று மின்னஞ்சல் மட்டும் வந்தது.

நேற்றிரவு நிபோங் திபால் மழையில்
மின்சாரம் போய் வந்தது,
புகைபோக்கி விசிறி வரவில்லை.
திரையில் கோடு தானாக ஏறியது.
கோளாறு என்று திட்டினேன்.

மூலையில்
ஃபைசுலின் பை இளைத்துக் கிடந்தது.

எங்கள் இருவர் மூக்குக்கும் எட்டாததை
கரி கண்டுகொண்டது:
வந்திருப்பது பங்காளி.

உலையை அணைத்தேன், சன்னலைத் திறந்தேன்.
மனமில்லாமல்தான் இறங்கியது
கோடு.