திங்களாழ்ச்ச அவதி

ராத்திரி முழுக்க மழை.
விடிந்ததும் ரப்பர்க் கத்தியை
கூரை இடுக்கில் செருகிவிட்டு வந்தவர்
"இன்னைக்குப் பால்வெட்டு இல்ல,
திருவனந்தபுரம் போவோமா?" என்றார்,
பத்து வருஷமாய் நான்தான்
தடுத்துக்கொண்டிருந்ததைப் போல.

குழித்துறையில் ரயிலேறினோம், ஐந்து பேர்.
நாத்தனார் ஷீபாவுக்கு முன்னால் அவள் பவுடர் ஏறியது.
அபிஷா ஜன்னலைப் பிடித்தாள்.
சுஜின் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு,
முதல் பக்கத்தில் பென்சில் கோடு,
மேலே 'கண்ட மிருகங்கள்',
கீழே ஏற்கெனவே ஒன்று: நீர்யானை.
"இன்னும் பாக்கலியேடா?"
"பாக்கத்தானே போறோம்."

பாறசாலையில்
பெயர்ப்பலகை எழுத்தெல்லாம் உருண்டுகொண்டது.
நான் சாத்தூர்க்காரி.
எங்கள் பக்கம் வெயில்கூட நேர்கோட்டில்தான் விழும்.
அண்ணன் கொடுத்தனுப்பிய காராச்சேவு
பாலராமபுரத்துக்கு முன்னாலேயே தீர்ந்தது.

மிருகக்காட்சிசாலை வாசலில்
என் உள்ளங்கை அளவுக்குப் பூட்டு.
பலகையை அவர் எழுத்துக்கூட்டினார்:
"திங்களாழ்ச்ச... அவதி."

எனக்குப் புரிந்துவிட்டது.
"பாவம், திங்கக்கிழமையானா
மிருகங்களுக்கு ஏதோ அவதியாம்.
ஞாயித்துக்கிழமைக் கூட்டம்
கண்டதையும் போட்டிருக்கும்,
வயிறு சரியில்லையோ என்னவோ."

ஷீபா கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"மைனி, அவதின்னா லீவு!"
காவல்காரரும் சிரித்தார், மலையாளத்தில்.
சுஜின் மட்டும் சிரிக்கவில்லை.
அவன் முகத்தைப் பார்த்தபோது
நான் வாசித்த அர்த்தம்தான் சரியென்று பட்டது.

"நீர்யானைக்கு எதுக்கு லீவு?
அது என்ன வேலைக்கா போவுது?"

எங்களிடம் பதில் இல்லை.
உள்ளே எங்கேயோ, மரங்களுக்குப் பின்னால்,
சிங்கம் ஒன்று ஏதோ சொன்னது.
காதால் கேட்டது கணக்கில் சேருமா?
வழக்கு அபிஷாவிடம் போனது.
"சத்தம்னா முக்கால்."

பஸ்ஸின் விலாவில் ரெண்டு யானை.
"வரைஞ்சதுக்குக் கால்தான்."
அரை யானையோடு கிழக்கேகோட்டை போய்
நாலு சாப்பாட்டை ஐந்து இலையில் பரப்பினோம்.
ஒவ்வொரு பருக்கையும் ஒரு பல் பெரிசு.
வறுத்த நெத்திலியை மிருகத்தில் சேர்க்கலாமா என்றான்.
தின்னுட்டா சேர்க்கக் கூடாதாம்.

சங்குமுகத்தில்
கல்லாய்ப் படுத்திருந்தாள் ஒரு கடல்கன்னி,
மேலே ஒன்றும் உடுத்தாமல்.
ஷீபா அவன் கண்ணைப் பொத்தினாள்,
அவன் விரலிடுக்கில் எண்ணினான்:
"பாதி மீன். அப்போ அரை."
இவர் எதையும் பார்க்காதவர்போல
கப்பலண்டி வாங்கப் போனார்.

கரையோர ரோட்டையே
ஒரு மழைக்காலத்தில் தின்ற கடல் இது என்றார்
அதை விற்ற பெரியவர்.
நம்பவில்லை நான்.
முட்டி நனைய நின்றேன்.
உப்பு ஏறி, மணல் ஏறி,
என்னை மீறி ஒரு கூச்சல் வந்தது,
சாத்தூரில் கேட்டிருந்தால்
யாருக்கோ பேய் பிடித்ததென்றிருப்பார்கள்.

அப்போது தலைக்கு மேல் வந்தது,
கடலிலிருந்து எழுந்ததைப் போல, தாழ்வாக,
சாம்பல் நிற வயிறு,
உடம்புக்குப் பொருந்தாத குட்டைக் கால்கள்,
காதடைக்கும் உறுமல்.
எல்லாரும் குனிந்தோம்.
சுஜின் குனியவில்லை.
"நீர்யானை! எம்மா, நீர்யானை!"

அபிஷா தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தாள்.
தம்பியை ஒருதரம் பார்த்தாள்.
"முழுசு" என்றாள்.

நாங்கள் அண்ணாந்திருந்த நேரத்தில்
என் இடது செருப்பு போயிருந்தது.
வலதைக் கையில் பிடித்தபடி
ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன்.
"இதையும் வீசியிருக்கலாம்" என்றார்.
புதுசு, நூற்றெண்பது ரூபாய், எப்படி வீச?

நெய்யாற்றின்கரையில் அவன் தூங்கிவிட்டான்.
மடியிலிருந்து நழுவிய நோட்டை எடுத்துப் பார்த்தேன்.
கூட்டல் தப்பு.
கடைசி வரி புதுசு,
ஈர விரல் பட்டு மங்கியிருந்தது:

கடல். ஒத்தச் செருப்பு தின்னும்.