பதினேழு பள்ளிக்கு ஒரு நுரையீரல்

மாவட்டத்திலிருந்து வந்த அட்டைப்பெட்டிக்குள்
எங்கள் ஒன்றியத்துக்கென்று
ஒன்றே ஒன்று இருந்தது:
பிளாஸ்டிக் நுரையீரல்.
ஒரு பக்கம் ரோஜா நிறம். மறு பக்கம் கரி.
சேதமின்றித் திருப்பி அனுப்பவும் என்று ஒரு சீட்டு.

பள்ளிகள் பதினேழு.
புகையிலை ஒழிப்பு வாரம் என்பது ஐந்து நாள்.
நாளுக்கு மூன்றரைப் பள்ளி வீதம் பார்த்தால்
முடித்துவிடலாம் என்று குரூப்பில் போட்டேன்.
"அந்த அரைப் பள்ளி எங்களுதுதாம்மா,
ரெண்டு வாத்தியாருல ஒருத்தர் லீவு"
என்று பதில் போட்டார்
அரியநாயகிபுரம் ஆவுடையப்பன் சார்.

திங்கட்கிழமை பெட்டி
என் ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் வந்தது.
செவ்வாய்க்கிழமை எனக்கு ஆய்வுக்கூட்டம்.
நுரையீரல் தனியாக டவுன் பஸ் ஏறியது.
கண்டக்டர் முப்பிடாதி திறந்து பார்த்து
"இதுக்கு டிக்கெட்டா, லக்கேஜா?" என்றாராம்.
"மூச்சு விட்டா டிக்கெட் போடும்வே"
என்று படியிலிருந்து ஒரு குரல்.
இன்ஜின் மூடிமேல் வைத்திருக்கிறார்கள்.
இடைகால் வருவதற்குள்
ரோஜாப் பக்கம் நுனியில் இளகிவிட்டது.

புதன்கிழமை ஞானதிரவியம் சார்
பத்திரமாக இருக்கட்டுமென்று பீரோவில் பூட்டிவிட்டு
மருமகன் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார்.
மூன்று பள்ளியில்
சாக்பீஸால் வரைந்துதான் பாடம் எடுத்தேன்.
"கத்தரிக்கா" என்று கத்தினான் ஒன்றாம் வகுப்பு.
வியாழக்கிழமை இரும்புச்சத்து மாத்திரை நாள்.
சாப்பிட வைத்து, விழுங்க வைத்து,
வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து,
பதிவேட்டில் ஏற்றி முடிக்கையில் மணி நாலு.

வெள்ளிக்கிழமை, கடைசியாக, முக்கூடல்.
ஏழாம் வகுப்பு. ஐம்பத்திரண்டு பேர்.
கரிப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினேன்.
புகைத்தால் இப்படி ஆகும் என்றேன்.
எழுந்து நின்றாள் இசக்கிப்ரியா.
"புகைக்காம, மடியில சொளவ வச்சி
சுத்துதவங்களுக்கு எப்படி டீச்சர் ஆவும்?
எங்கம்மை ராத்திரி பூரா இருமுதா."
பின்வரிசையில் ஒரு கை.
"எங்க சித்தியும்."
ஜன்னலோரம் இன்னொன்று.

என்னிடம் இருந்த படிவத்தில்
ஆண் எத்தனை, பெண் எத்தனை,
உறுதிமொழி எடுத்தார்களா, ஆம் அல்லது இல்லை.
ஜெசிந்தா டீச்சர் என்னைப் பார்த்தார்.
நான் பெட்டியைப் பார்த்தேன்.

மணியடிக்க எட்டு நிமிடம்.
உறுதிமொழி எடுத்தாக வேண்டும், போட்டோவோடு.
புகையிலையைத் தொடவும் மாட்டேன் என்று
நான் வாசிக்க, அவர்கள் திருப்பிச் சொல்ல,
வலக்கைகள் நீண்டன.
முன்வரிசைக் கைகளில்
ஆள்காட்டி விரல் நகத்தோரம்
தூள் ஏறிய பழுப்பு.
பள்ளி விட்டதும் போய்த் தலை மடக்கித் தருகிற விரல்கள்.
"தொடவும்" என்ற சொல்லுக்கு
இசக்கிப்ரியா மட்டும் வாயைத் திறக்கவில்லை.
போட்டோவில் அது தெரியாது.

படிவத்தின் ஓரத்தில்,
ஸ்டேப்ளர் அடிக்கிற இடத்தில் எழுதினேன்:
முக்கூடல், தாய்மார்களுக்கு நெஞ்சுப் பரிசோதனை,
எந்தக் கிழமை?
ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு
மூன்று முறை போன் போட்டேன்.
டாக்டர் கேம்ப் போயிருக்கிறார் என்றார்கள்.
நாளையும் போடுவேன்.

திங்கட்கிழமை மாவட்டத்திலிருந்து கேட்டார்கள்,
மாடல் வந்து சேர்ந்தது, சேதம் ஏதும் உண்டா?
ஒரு பக்கம் கொஞ்சம் இளகிவிட்டது சார்.
எந்தப் பக்கம்?
நல்ல பக்கம், என்றேன்.