முள்ளோடையில் வாடகைத் தகடு

பெட்ரோலுக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள்
திரும்பும் வழியில் என் கொட்டகையில் நிற்பார்கள்.
சென்ட்ரிங் தகடு, ஜாக்கி, சவுக்குக் கழி.
எல்லாவற்றுக்கும் சிவப்பு அட்டை நோட்டு ஒன்றுதான்.

ஆவணியில் ஒரே இன்ஜினியர், ஒரே பிளான்,
இரண்டு வீடு.

கிருமாம்பாக்கத்தில் அந்துவான் சூசையுடையது.
அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்;
மாதம் பிறந்தால் யூரோ பிறக்கும்.
டைல்ஸ் குஜராத்திலிருந்து, கதவு கப்பலில்,
வேலைக்கு பீகாரிலிருந்து பதினோரு பேர்.
சனிக்கிழமை கூலி வாங்கி
செல்போனில் விரல் வைப்பார்கள்,
பணம் அரரியாவில் இறங்கிவிடும்.
இருபத்தோராம் நாள் என் தகடு
கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது.
வாடகை முழுசாய், கூட ஒரு மெர்சி.
பார்ட்டின்னா இது பார்ட்டி என்றேன்.
குடிபுகுந்த அன்று எதிர் டீக்கடைக்காரர் கேட்டாராம்:
"இதை எப்ப ஆரம்பிச்சாங்க?"

பெரியகாட்டுப்பாளையத்தில் செங்கேணியுடையது.
தகடு அடித்தாயிற்று, கம்பி கட்டியாயிற்று,
தளம் போடப் பணமில்லை.
சீட்டு எடுத்துட்டேன், கைக்கு வரணும் என்றார்.
கம்பித் துரு தகட்டில் வடிய
ஐப்பசி வந்துவிட்டது.

சூளைக்காரருக்குப் பாக்கி.
கதவுக்குப் பலாமரம் அறுத்த
பண்ருட்டி ஆசாரிக்குப் பாக்கி.
கொத்தனார் தணிகாசலம் யசோதா கடையில்
நாற்பத்தேழு நாள் இட்லி.
யசோதா பால்காரருக்கு நிறுத்தினாள்,
பால்காரர் புண்ணாக்குக் கடைக்கு.
மாட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கும்
செங்கேணி தளம் போடவில்லை என்று.

ஒருநாள் நேரில் போய்க் கத்திவிட்டு வந்தேன்.
ராத்திரி நோட்டைப் புரட்டும்போதுதான் உறைத்தது:
அதே சீட்டில் நானும் ஒருத்தி.
இரண்டு மாதத் தவணை கட்டவில்லை,
செங்கேணி வாடகை வரட்டும் என்று.

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்திருந்தேன்.

புதுத் தகடு வாங்க எடுத்துவைத்த
அந்துவானின் கவரைப் பிரிக்காமல்
சீட்டுக்கார கோமளவல்லியிடம் கொடுத்தேன்.
வெள்ளிக்கிழமை கலவை மிஷின் சுற்றியது.
யசோதா பெரிய சட்டி ஏற்றினாள்.

பிரான்சில் ஏதோ ஓர் ஆபீசில்
யாரோ குத்திய முத்திரை
ஆற்றோரம் ஐந்தங்குலக் கான்கிரீட்டாய் இறுகுகிறது.
அவருக்கு யார் போய்ச் சொல்வது?

தகடு இன்னும் வரவில்லை.
பொங்கலுக்குள் என்கிறார் செங்கேணி.
நாளுக்கு மூன்று ரூபாய்.
எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.