வலையில் கோத்த கப்பல்கள்

எல்லாம் ஈயம்.
வீச்சுவலை விளிம்பில்
ஓட்டை போட்டுக் கோத்தபடியே
மேசைமேல் கிடந்தன.
மீன் வாடை எழுந்து என் பேனாவரைக்கும் வந்தது.

கோதாவரி கடலுக்குள் நுழையும் பக்கம்
எங்கள் கூடாரம். என் வேலை பதிவேடு:
எடை, விட்டம், கண்டெடுத்த இடம்.

"கண்டெடுத்த இடம்?"
"என் வலை," என்றாள் நூகரத்னம்.
"அதற்கு முன்?"
"வெள்ளம் வடிந்தால் கரை சரியும். ஈயம் தெரியும்.
கடையில் கிலோவுக்குக் காசு கேட்பான்.
கரை கேட்காது."

தூரிகையால் தட்டினேன்.
ஒன்றில் யானை.
ஒன்றில் மூன்று வளைவாய்க் குன்று,
அடியில் நெளியும் கோடு; ஆறு என்கிறார்கள்.
இன்னொன்றில் சேறு உதிர உதிர
இரண்டு பாய்மரம்.

சாதவாகனர் கப்பல்.
கடல் தாண்டும் பெருமைக்கு அடித்த காசு
பதினெட்டு வருடமாக
இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கி
மடவையோடு கரையேறியிருக்கிறது.

"நஷ்டஈடு வரும்," என்றேன்.
பெயர் எழுதினேன்.
அடுத்த கட்டம்: தகப்பன் அல்லது கணவன்.

அவள் ஆற்றைப் பார்த்தாள்.
"காலியாக விடுங்கள்.
சத்திபாபுவைப் பள்ளியில் சேர்த்தபோதும்
காலியாகத்தான் விட்டேன்.
வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை.
எவனோ ஒரு சூரிராவை எழுதிவிட்டார்.
பத்தாவது முடியும்வரை என் பிள்ளை
சூரிராவின் மகன்."

சிரித்தாள். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

விளிம்பு எழுத்தைப் படித்துக் காட்டினேன்:
ரஞோ வாசிட்டிபுதஸ.
வாசிட்டியின் மகனான அரசனுடையது.
"அப்பன் பெயர்?"
"காசில் இல்லை."
"அப்பன் ஓடிப்போனானா?"
"இல்லை, அது அவர்கள் வழக்கம்."
"வழக்கமென்றால் யாரும் கேட்க மாட்டார்கள்," என்றாள்.

பிறகு தானே ஒவ்வொன்றாய்த் திருப்பினாள்,
படிக்கத் தெரியாத எழுத்தில்
எதையோ தேடுகிறவள்போல.
ஒன்றை நீட்டினாள்.
அதில் 'புதஸ' மட்டும் மிச்சம்.
மகன் இருக்கிறான்.
தாய் இருந்த இடத்தில் வட்டமாய் வெளிச்சம்.

"ஆணி நான் அடித்ததுதான்," என்றாள்.
நிலைமை என்ற கட்டத்தில் எழுதினேன்:
துளையுண்டது.

போகும்போது வலையை உதறிப் பார்த்தாள்.
கனமில்லாத பக்கம் மிதக்குமாம்.
மறுநாள் சந்தையில்
அதே எடைக்குப் புது ஈயம் வாங்கிக் கொடுத்தேன்.
படம் இல்லாத உருண்டைகள்.
கையில் குலுக்கி, பரவாயில்லை என்றாள்.

ரசீது இன்னும் முடியவில்லை.
அந்த ஒரு கட்டம் நிரம்பாமல்
கணினி அடுத்த பக்கம் போகாது.
நான்கு நாளாய் அங்கேயே
ஒரு கோடு மின்னி மின்னி அணைகிறது.